இலவச ஆட்டத்துக்கு ஆன 94 டாலர்

அனுமதி இலவசம் என்று போட்டிருந்த ஆட்டத்துக்கு எனக்கு 94 டாலர் செலவானது. ரயில் கட்டணம் இதில் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது தனிக் கணக்கு. அப்புறம் தொண்டை கட்டிக்கொண்டு அந்த வாரம் பூராவும் அலுவலகத்தில் சைகையிலேயே பேசித் திரிந்தது இன்னொரு கணக்கு. மெல்பர்னில் நம் ஆட்கள் இப்போது பெண்கள் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய விதிகளில் ஆடும் கால்பந்து பக்கம் நன்றாகவே திரும்பியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளைப் பக்கத்துக் கிளப்பில் சேர்த்துவிட்டு, அவர்களுக்காகவே விதிகளைக் கற்றுக்கொண்ட அம்மாக்கள் பலரை எனக்கே தெரியும். ஆகஸ்ட் வந்துவிட்டால் "பயிற்சி ஆட்டம் இருக்காமே அக்கா, டிக்கெட்டும் கிடையாதாம், போகலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் நான் போனபோது இதையெல்லாம் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்று முழுக்கப் புலம்பினேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் புதிது என்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ஏ.எஃப்.எல்.டபிள்யூ எனப்படும் பெண்கள் லீக் 2017-இல்தான் தொடங்கியது. அந்த ஆண்டு பிப்ரவரி 3 அன்று பிரின்ஸஸ் பார்க்கில் கார்ல்டனும் காலிங்வுட்டும் மோதிய முதல் ஆட்டத்துக்கு 24,568 பேர் வந்துவிட்டார்கள். உள்ளே இடமில்லாமல் வாசலை மூட வேண்டியதாகிவிட்டது. வெளியே நின்றவர்களிடம் லீக்கின் தலைமை நிர்வாகியே வந்து மன்னிப்புக் கேட்டார். 8 கிளப்புகளாக இருந்தது இப்போது 18. முதலில் கோடையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2022-இல் காலத்தை மாற்றினார்கள், அதிலிருந்து ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொடங்கி நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம் வரை போகிறது. இதில் நமக்கு என்ன என்றால், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் மெல்பர்ன் குளிர்காலத்தின் வால் பகுதியில், காற்றும் தூறலும் போட்டி போடும் வாரங்களில் வந்து விழுகின்றன. நான் இதில் மாட்டிக்கொண்டது 2024 இறுதியாட்டத்தைப் பார்த்து. நார்த் மெல்பர்ன் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல், ஒன்றை மட்டும் சமன் செய்து, கடைசியில் பிரிஸ்பேனையும் அடித்துக் கோப்பையை எடுத்தது. அடுத்த சீசன் எப்போது வரும் என்று காத்திருந்தவளுக்குப் பயிற்சி ஆட்டம் என்ற அறிவிப்பைப் பார்த்ததும் கை கால் ஓடவில்லை. கணவர் ஊருக்குப் போயிருந்தார். தோழிகளுக்கு ஞாயிறு காலை என்றாலே ஆகாது. சரி, தனியாகவே போவோம் என்று கிளம்பினேன்.

எந்தக் கிளப், எந்த மைதானம் என்று சொல்லப் போவதில்லை. நகரத்திலிருந்து வெகுதூரத்தில், புதுப் புறநகர்களுக்கு நடுவே இருக்கும் பெரிய விளையாட்டு வளாகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது மேற்குக் கோடி, மைதானம் கிழக்குக் கோடி. கூகுள் வரைபடம் இரண்டு மணி நேரம் என்றது. அந்த வார இறுதியில் தண்டவாள வேலை, பாதி வழிக்கு ரயிலுக்குப் பதில் பேருந்து. மெல்பர்னில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசி ரயில் நிலையத்தில் இறங்கியபோது மைதானத்துக்குப் போகும் உள்ளூர்ப் பேருந்து கிளம்பிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அடுத்தது வர ஒரு மணி நேரம் ஆகும். டாக்சி பிடித்தேன், 31 டாலர். ஆட்டம் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறதே, பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். புறநகர் மைதானத்துக்குப் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்கள் ரயில் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. கடைசி மூன்று நான்கு கிலோமீட்டரை எப்படிக் கடப்பது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில்.

டாக்சிக்காரர் இறக்கிவிட்ட இடத்தில் பிரதான ஓவலின், அதாவது முட்டை வடிவ மைதானத்தின், வாசல் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை, புல் வெட்டும் வண்டி மட்டும் ஓரமாக நின்றது. அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தேதி சரி, நேரம் சரி, இடமும் சரி. வாகன நிறுத்துமிடத்தில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம் கேட்டேன். "ஃபுட்டியா? அது அந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறதே" என்று வளாகத்தின் மறுகோடியைக் காட்டினார். நடந்துகொண்டிருக்கிறது என்றதும் வயிற்றைக் கலக்கியது. நல்ல தரையைச் சீசனுக்காகக் காப்பாற்ற வேண்டும் என்று ஆட்டத்தைப் பின்னால் உள்ள சின்ன ஓவலுக்கு மாற்றி, நேரத்தையும் ஒன்றே கால் மணி நேரம் முன்னால் தள்ளியிருக்கிறார்கள். இந்த மாற்றத்தைச் சனிக்கிழமை இரவு செயலியில் மட்டும் போட்டிருக்கிறார்கள். இணையப் பக்கத்தில் அன்று மாலை வரை பழைய நேரம்தான் இருந்தது. ஈரப் புல்லில் கால் மணி நேரம் நடந்து, ஸ்னீக்கர் முழுக்கச் சேறாகிப் போய்ச் சேர்ந்தபோது முதல் பாதி முடிந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆட்டம் போனதற்காக மட்டும் இல்லை. சுற்றிலும் எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக நின்றார்கள். இந்தக் குளிரில் யார் கூப்பிட்டு நான் வந்தேன் என்று ஒரு கேள்வி உள்ளே குடைந்தது.

பயிற்சி ஆட்டம் கிளப்பின் பார்வையில் பயிற்சிதான், நாம் வேடிக்கை பார்க்க அனுமதிக்கப்பட்டவர்கள், அவ்வளவே. மழை பெய்தால் மாற்றுவார்கள், ஆளுக்கு அடிபட்டால் மாற்றுவார்கள், எதிரணியின் பேருந்து தாமதமானாலும் மாற்றுவார்கள். டிக்கெட் விற்காததால் யாருக்கும் தகவல் சொல்லும் கட்டாயமும் இல்லை. அதனால் போகிற கிளப்பின் செயலியை இறக்கி அறிவிப்புகளை இயக்கி வையுங்கள். எதிரணியின் சமூக வலைப் பக்கத்தையும் பாருங்கள், பல நேரம் விருந்தாளிக் கிளப்தான் இடமாற்றத்தைத் தெளிவாகப் போடுகிறது. கிளம்பும் முன் காலையில் இன்னொரு முறை பாருங்கள். வளாகத்தில் பல ஓவல்கள் இருந்தால் எந்த ஓவல், எந்தச் சாலை வழி என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டு கிளப்புகள் மோதும் பயிற்சி ஆட்டம் என்றால் நடுவர்கள் இருப்பார்கள், கிட்டத்தட்ட முழு ஆட்டம் மாதிரி நடக்கும். ‘மேட்ச் சிமுலேஷன்’ என்று போட்டிருந்தால் இரண்டு கிளப்புகள் மோதலாம், சில நேரம் ஒரே கிளப்பின் ஆட்கள் இரண்டாகப் பிரிந்து ஆடுவார்கள், பயிற்சியாளர் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஆட்டத்தின் விறுவிறுப்புக்காகப் போகிறவர்கள் ஒரே கிளப் பிரிந்து ஆடுவதைத் தவிர்த்துவிடலாம்.

இரண்டாம் பாதி தொடங்கியது. ஸ்கோர்போர்டு கிடையாது. யார் முன்னிலை என்று தெரியவில்லை. முதுகில் பெயர் கிடையாது, எண் மட்டும், அதிலும் 60-க்கு மேல் எண் போட்ட இளம் பெண்கள் பலர். நான் யாரைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தேனோ அவர் நீளக் கோட்டு போட்டுக்கொண்டு, முழங்காலில் ஐஸ் பையைக் கட்டி, எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் பாதி ஆடியது போதும் என்று எடுத்துவிட்டார்களாம். பெரிய வீராங்கனைகளைப் பயிற்சி ஆட்டத்தில் முழு நேரம் ஓடவிட எந்தக் கிளப்புக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை, யோசித்தால் நியாயம்தான். அன்றைக்கு எனக்கு அந்த நியாயம் உறைக்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒருவரை நம்பிப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே அங்கே இருக்க வேண்டும். கிளப்பின் வீராங்கனைப் பட்டியலை எண்ணோடு திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

மீதிப் பாதியைத் தீர்த்து வைத்தவர் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். அவர் மகள் அன்று ஆடிக்கொண்டிருந்தாள், அந்த 60-க்கு மேல் எண்களில் ஒருத்தி. பால்பாயின்ட் பேனாவால் இடது உள்ளங்கையில் கோடு கோடாகக் கிழித்து ஸ்கோர் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தன் மகளின் அணி, மறுபக்கம் எதிரணி, மழைத் தூறலில் எதிரணிக் கோடுகள் கரைந்துகொண்டே வந்தன, அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கோல் நடுவரின் கொடியைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்துப் போனால் கோல், 6 புள்ளி, நடுவர் இரண்டு கொடிகளை ஆட்டுவார். வெளிக் கம்பத்துக்கும் உள் கம்பத்துக்கும் நடுவே போனால் 1 புள்ளி, ஒற்றைக் கொடி. ஸ்கோர்போர்டு இல்லாத ஆட்டத்தில் கொடியும் கைப்பேசிக் குறிப்பும் போதும்.

அதைவிட நல்ல யோசனை ஒன்றும் சொன்னார். காற்று எந்தக் கோல் பக்கம் வீசுகிறது என்று பார், அந்தக் கோலுக்குப் பக்கவாட்டில் போய் நில் என்றார். அந்தத் திறந்தவெளியில் காற்றுக்கு எதிராக உதைத்த பந்து உயரே போய், நின்று யோசித்துவிட்டு, உதைத்தவள் தலைக்கே திரும்பியது. கோல்கள் எல்லாம் ஒரு முனையில்தான் விழுந்தன. கால்பகுதி முடிந்து பக்கம் மாறியதும் காற்றின் உதவி மற்ற அணிக்குப் போய்விடும், ஆனால் கோல் விழும் முனை அதேதான். நான் நடந்து போய் அங்கே நின்ற பிறகு ஆட்டமே வேறாகிவிட்டது. நேராகக் கோலுக்குப் பின்னால் மட்டும் நிற்க வேண்டாம். சின்ன ஓவல்களில் பல இடங்களில் வலை கிடையாது, 40 மீட்டர் தூரத்திலிருந்து வரும் பந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மூக்கைக் கேட்காது.

அந்த வேலியோரத்தில் கிடைத்தது டிவியிலும் கிடைக்காது, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யின் மேல் அடுக்கிலும் கிடைக்காது. அதனால்தான் இவ்வளவு புலம்பிய பிறகும் போகலாம் என்கிறேன். பெண்கள் ஆட்டத்தில் களத்தில் ஓர் அணிக்கு 16 பேர், ஆண்களில் 18. பந்தும் ஓர் அளவு சிறியது. ஆள் குறைவு என்பதால் இடைவெளி கிடைக்கிறது, ஓட்டம் தெரிகிறது. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது சத்தம். பந்தை எடுத்தவளுக்குப் பின்னால் ஆள் வந்தால் கூட இருப்பவள் ‘ஹீட்’ என்று கத்துகிறாள், ஆள் இல்லை என்றால் ‘டைம், டைம்’. பந்து வைத்திருப்பவளைப் பிடித்து மடக்கும் டாக்கிளில் இருவரும் தரையில் விழும்போது நுரையீரலிலிருந்து காற்று வெளியேறும் ஒலி நமக்குக் கேட்கிறது. என் முன்னால் மூன்று மீட்டரில் ஒருத்தி, முதுகில் ஒருத்தி தொங்கிக்கொண்டிருக்க, பந்தை ஒரு கையில் ஏந்தி மறு முஷ்டியால் குத்தித் தோழிக்கு அனுப்பினாள். அனுப்பிய மறுநொடி மூக்குக் குப்புற விழுந்தாள். எழுந்து, பற்காப்பைக் கழற்றிப் புல்லைத் துப்பி, மறுபடி மாட்டிக்கொண்டு ஓடினாள். விரல்கள் நாலும் வெள்ளை டேப்பால் சுற்றியிருந்தன. இவர்களில் பலர் லீக்கின் முதல் வருடங்களில் பகலில் நர்சாக, ஆசிரியையாக, போலீஸாக வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் என்று பக்கத்துப் பெண் சொன்னார். அவர் மகளும் படிப்பை இன்னும் விடவில்லை.

குளிரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வானிலைச் செயலி 13 டிகிரி என்றது. வீட்டுத் தோட்டத்தில் 13 டிகிரியும் தடுப்பே இல்லாத ஓவலில் காற்றோடு சேர்ந்த 13 டிகிரியும் ஒன்றில்லை. கூரை கிடையாது, இருக்கை கிடையாது. குடையைப் பிரித்தேன், கம்பி தலைகீழாக மடங்கிவிட்டது. இப்போதெல்லாம் காற்று புகாத மழைக்கோட்டு, உள்ளே கம்பளி, தலைக்குப் பீனி, மாற்றுக் காலுறை ஒரு ஜோடி, நீர் புகாத பழைய பூட்ஸ், மடக்கு நாற்காலி இல்லாமல் நான் போவதில்லை. கழிப்பறை இன்னொரு சிக்கல். உடை மாற்றும் அறைக் கட்டிடம் வீராங்கனைகளுக்கு மட்டும் என்று மூடியிருந்தது. பொதுக் கழிப்பறை அந்தப் பூட்டிய பிரதான ஓவல் பக்கம் இருந்தது, மறுபடி கால் மணி நேர நடை. சாப்பாட்டுக் கடையும் இல்லை. பெரிய ஆட்டங்களில் மீட் பை, சிப்ஸ் கிடைக்கும் பழக்கத்தில் நானும் வெறுங்கையோடு போயிருந்தேன், மற்றவர்கள் பிளாஸ்க்கில் சூப் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்துப் பெண் மூடியில் எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். பூசணி சூப், உப்பே இல்லை, அமிர்தமாக இறங்கியது. இப்போது நான் எலுமிச்சை சாதமும் சுக்குக் காபியும் எடுத்துப் போகிறேன். கார் உள்ளவர்கள் முன்னதாகவே போனால் சில மைதானங்களில் வேலியை ஒட்டியே நிறுத்தலாம். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்து, கோல் விழுந்தால் ஹாரன் அடிப்பது இங்கே பழைய வழக்கம்.

நான்காம் கால்பகுதி முடிந்து சைரன் ஒலித்ததும் கிளம்பப் பையை எடுத்தேன். யாரும் அசையவில்லை. இளையவர்களை வைத்து இன்னொரு பகுதி ஆடப் போகிறார்களாம். பயிற்சி ஆட்டத்தில் இப்படிக் கூடுதலாக ஆடுவது உண்டு. திரும்பும் பேருந்தைத் துல்லியமாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் அப்போது அல்லாட வேண்டியிருக்கும். பக்கத்துப் பெண்ணின் மகள் அந்தக் கூடுதல் பகுதியில்தான் தன் ஒரே கோலைப் போட்டாள். அம்மாவுக்கு உள்ளங்கையில் எழுத இடமில்லை, மணிக்கட்டில் எழுதினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் என் பேருந்து போய்விட்டது.

அப்புறம் நடந்தது வெறும் அவதி. கைப்பேசியில் 9 சதவீதம். மழை வலுத்தது. நிறுத்தத்தில் கூரை இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத அகலச் சாலை, இரண்டு பக்கமும் கட்டி முடிக்காத வீடுகள், நாலரை மணிக்கே இருட்டுக் கட்டத் தொடங்கிவிட்டது. பயந்துபோய் தூரத்தில் தெரிந்த பெட்ரோல் பங்க் வரை நடந்தேன். ஒரு சாண்ட்விச், காபி, மலிவு சார்ஜர் கம்பி, எல்லாம் சேர்த்து 17 டாலர். அங்கே ஓரமாக நின்று சார்ஜ் ஏற்றி டாக்சி கூப்பிட்டேன். மழைக்கு ரேட் ஏறியிருந்தது. தண்டவாள வேலை இல்லாத நிலையம் வரை 46 டாலர். வீட்டுக்கு வந்தபோது எட்டு மணி. புறநகர் மைதானத்துக்குத் தனியாகப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: பவர் பேங்க் கட்டாயம். திரும்பும் வழியைப் போவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள், வேலியோரத்தில் பழகியவர்களிடம் நிலையம் வரை இறக்கிவிட முடியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தப் பெண் கட்டாயம் இறக்கிவிட்டிருப்பார். ஆனால் சூப்பும் வாங்கிக் குடித்துவிட்டு லிஃப்டும் கேட்பதா என்று எனக்கு நம் ஊர்க் கூச்சம்.

அதற்கப்புறமும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் இடம் பார்த்துப் போகிறேன். நகரத்துக்குள்ளேயே பழைய மைதானங்கள் இருக்கின்றன. வெஸ்ட் ஃபுட்ஸ்க்ரே நிலையத்திலிருந்து விட்டன் ஓவலுக்கு நடந்தே போகலாம். விக்டோரியா பார்க் மைதானத்துக்கு அதே பெயரில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பிரின்ஸஸ் பார்க்குக்கு ராயல் பரேடு வழியே போகும் 19-ஆம் எண் டிராம் போதும். இங்கெல்லாம் ஆட்டம் தள்ளிப்போனாலும் ஒரு காபிக் கடையில் ஒதுங்கலாம். புறநகர்க் கோடியில்தான் ஆட்டம் என்றால், கார் இல்லாத ஞாயிறுகளில் நான் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். பல பயிற்சி ஆட்டங்களை நேரலையில் காட்டுகிறார்கள், ஒற்றைக் கேமராதான், ஆனாலும் காலில் சேறு படாது.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். வீராங்கனைகள் வேலியோரம் வந்து பேசுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய ஆட்டங்களில் இதற்கு முண்டியடிக்க வேண்டும், இங்கே தேவையில்லை. பந்தில் கையெழுத்து வாங்குவதாக இருந்தால் மஞ்சள் பந்துக்குக் கறுப்பு மார்க்கர், சிவப்புப் பந்துக்கு வெள்ளி நிற மார்க்கர். பந்து ஈரமாக இருந்தால் எழுத்து கலைந்துவிடும், துடைக்க ஒரு துண்டும் வேண்டும்.